காமன் கூத்தும் கண்டிக்காரியும்

அன்புள்ள அண்ணா,

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண் நான். வெள்ளவத்தையில் போர்டிங்கில் தங்கி வேலை பார்க்கிறேன். கொழும்பில் இரண்டு நண்பர்கள். அவர்கள் காதலிப்பது எல்லோருக்கும் தெரியும், அவர்களைத் தவிர. இதை வேடிக்கையாக எழுதினேன், கதையை இணைத்திருக்கிறேன். "லயத்து வீடுகள் இல்லை, சம்பளப் போராட்டம் இல்லை, இது மலையகக் கதையே இல்லை" என்கிறார் ஒரு நண்பர். சிரிக்கச் சிரிக்கக் காதல் எழுதுவது தவறா? தலைப்பும் அமையவில்லை.

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

தவறில்லை. நண்பரை விடுங்கள். 1948இல் நம் மக்களின் குடியுரிமை பறிபோனதையும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்ததையும் எழுதத்தான் வேண்டும். அந்த வருடங்களிலும் தோட்டத்தில் கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளையைக் கேலி செய்தார்கள்.

கொஞ்ச நாளாகக் காமன் கூத்து ஞாபகமாகவே இருக்கிறேன். மாசியில் கம்பம் ஊன்றி, மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் கட்டி, பிறகு சிவன் கண்ணைத் திறந்து அவனை எரிக்கும் கூத்து. எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாமா. மாலை மாற்றும்போது அவர் தலையைக் குனிய, கூட்டத்திலிருந்து மாமி கத்தினார்: "வீட்டுல இந்த வெக்கம் எங்க போச்சு?" தப்படித்தவருக்கே அடி தவறிவிட்டது. விடியும் நேரம், எரிந்த மன்மதனுக்காக ரதி புலம்பியபோது, முந்தானையால் கண்ணைத் துடைத்ததும் அதே மாமிதான். மலையகக் கதைக்குச் சிரிப்பு ஆகாது என்கிறவர் ஒரு மாசியாவது தோட்டத்தில் விழித்திருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம். கதாநாயகிக்கு எதற்கு ஊர் கண்டி? கொழும்பில் யாராவது ஊர் கேட்டால், தோட்டம் என்று சொல்லாமல் "கண்டி" என்று சொல்லித் தப்பிப்பது நம் பிள்ளைகளின் பழக்கம். போர்டிங்கார அம்மாவிடம் சொல்லுங்கள், வாடகையாவது ஏறாமல் இருக்கும். கதைக்குள்ளும் ஏன் ஒளிகிறீர்கள்? ஒளிந்ததில் நல்ல வேடிக்கை ஒன்று கைதவறிப் போயிற்று, தெரிகிறதா? கதாநாயகனும் கண்டி என்றே சொல்லியிருக்கட்டும். தீபாவளிக்கு இருவரையும் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் பதுளை ரயிலில் ஏற்றுங்கள். கண்டிக்கு இறங்க வேண்டிய பேராதனை வரும். "நீ எறங்கலயா?" "நீ?" கம்பளை போகும், நாவலப்பிட்டி போகும், வட்டவளைக் குளிரும் வந்துவிடும், இரண்டு கண்டிக்காரர்களும் சீட்டை விட்டு அசையமாட்டார்கள். ஹட்டனுக்குள் அவர்கள் காதலைச் சொல்லாவிட்டால் என்னிடம் கேளுங்கள்! கடற்கரைக் குடைக்குள் நடப்பதாக நீங்கள் எழுதிய அந்த இரண்டு பக்கத்தை வெட்டிவிடுங்கள், அது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது.

தலைப்பு உங்கள் பாடு. திருத்தியதும் அனுப்புங்கள், தீபாவளிக்கு முன்னால் போடலாம்.