பெங்களூரில் காவிரித் தண்ணீர் வரும் வீட்டுக்கு ஆர்.ஓ. (தண்ணீரிலுள்ள உப்பை நீக்கும் மெஷின்) தேவையா?

காவிரித் தண்ணீர் மட்டும் என்றால் தேவையில்லை. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரம். காவிரி நீரில் அதைவிட வெகு குறைவு. கிருமிக்கு யு.வி. (புற ஊதா ஒளி) மெஷின் போதும், காய்ச்சினாலும் போதும். போர்வெல், டேங்கர் தண்ணீர் என்றால் உப்பை அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்த விற்பனையாளர், குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். பழுப்பாகக் கலங்கியது, அம்மா பயந்துவிட்டார். அது தண்ணீரின் அழுக்கே அல்ல, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு! ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். இப்படிப் பெரியவர்களைப் பயமுறுத்தி விற்பது அநியாயம்.

மெஷின் விலையோடு செலவு முடியாது. ஃபில்டர், மெம்பிரேன் (உப்பை வடிக்கும் சவ்வு), ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று தொடரும், வாங்கும் முன்பே அந்த விலைகளை எழுதி வாங்கிவிடுங்கள்.