ஓநாய்க் காதல் கதையில் நாயகியின் வேதனையை வாசகர் நம்பும்படி எழுதுவது எப்படி?

ஓநாயாக மாறும் மனிதர்களின் காதல் கதை உங்களுடையது. குமரி மாவட்டத்துக் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துப் பெண்தான் உங்கள் நாயகி. ஓநாய்க் கூட்டத்தின் தலைவனான ஆல்ஃபா, அவள் தன் துணை இல்லை என்று கூட்டத்தின் முன் முழுப்பெயர் சொல்லி ரிஜெக்ட் செய்கிறான். நாலு யூடியாக (அப்டேட், அதாவது அத்தியாயம்) அவள் அழுகிறாள், வாசகர்கள் ஒட்டவில்லை, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். அழுகையைக் குறைத்தால் மட்டும் சரியாகாது. அவள் எதை இழந்தாள் என்பதே வாசகருக்கு இன்னும் தெரியவில்லை.

விதி சேர்த்த துணை என்கிற மேட் பந்தம் அறுந்ததும் நெஞ்சு எரிவது, காய்ச்சல் அடிப்பது எல்லாம் இந்த வகைக் கதையில் வழக்கம்தான். 1200 சொல் யூடியில் அதற்கு ஒரு பத்தி கொடுங்கள். அடுத்த யூடியிலும் அதே எரிச்சல் வந்தால் வாசிப்பவருக்கு மரத்துப்போகும்.

பிறகு வீட்டைக் காட்டுங்கள். ஆல்ஃபா என்ற கருத்து, கூண்டில் அடைத்த ஓநாய்களை வைத்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பியது. காட்டில் ஒரு பேக், அதாவது ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விளக்கினார். அப்படியென்றால் அவளைத் தள்ளுவது ஒரு குடும்பம். நேற்றுவரை "மக்களே, கட்டன் குடிச்சியா" என்று கேட்ட அவன் அம்மை, இன்று டம்ளரைக் கையில் தராமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறாள். ரிஜெக்ட் வசனத்தைவிட இதுதான் சுடும்.

வேலையிலும் காட்டலாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது ஒரு தடவைக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போய்ப் பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது, முண்டு விழும். கை தவறாத பெண் அன்று வரிசையாக மூன்று மரத்தைக் காயப்படுத்துகிறாள். நாலாவதில் சிரட்டை வைக்க மறந்து, பால் மண்ணில் வடிகிறது. அங்கே கண்ணீர் என்ற சொல்லே வேண்டாம்.

நாயகிக்கு உள்ளே இருக்கும் ஓநாயைப் பலரும் வீணடிக்கிறார்கள். நாயகி சொன்னதையே அதுவும் புலம்புகிறது. அவள் வேண்டாம் என்கையில் அது போ என்று இழுக்கட்டும். காற்றில் அவன் வாசனை வந்ததும் கால் தானாகத் திரும்புகிறது, அவள் கதவு நிலையை இறுக்கிப் பிடிக்கிறாள். தன் உடம்போடு தானே மல்லுக்கட்டுவது இந்தக் கதைகளுக்கே உரிய துயரம். சாதாரணக் காதல் கதையில் இது கிடைக்காது.

கதை பெரும்பாலும் கெடுவது மன்னிப்பில்தான். பத்து யூடி அழவைத்துவிட்டு, "மேட் ஆச்சே" என்று அரை யூடியில் சேர்த்துவைப்பார்கள். நம் பக்கத்து வாசகர்கள் வில்லுப்பாட்டில் நீலி கதை கேட்டவர்கள். கொலையுண்டு பேயாகி, கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொன்றவனைத் தேடிப் போகிறவள் அவள். பெண்ணின் கோபம் இவர்களுக்குப் புதிதில்லை. நாலாவது யூடிக்குள் அந்தக் கோபம் தலைகாட்டிவிட வேண்டும். அவன் தனியாக வந்து கெஞ்சும்போது அவள் இப்படிப் பேசட்டும்: "அண்ணைக்கு எல்லாருக்க முன்னால எனக்க பேரச் சொன்னேல்லா? இண்ணைக்கும் அங்கன வந்து சொல்லு."