தண்ணீர் டேங்க் ஏன் புள்ளியாகத் தெரிகிறது என்று கேட்கும் பெண்ணின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வீட்டு மொட்டை மாடியைத் தேடிப் பிடித்து, "டேங்க் ஏன் வெறும் கருப்புப் புள்ளியாகத் தெரியுது?" என்று மகள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேமரா செய்யத்தான் படிப்பேன் என்கிறாள். அப்படி ஒரு படிப்பே கண்ணில் படவில்லை, பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடலாமா என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அது ஒரே துறையின் வேலை இல்லை, அதனால்தான் அந்தப் பெயரில் படிப்பைக் காணோம்.

2019 நவம்பரில் இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-3, 509 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கால் மீட்டர் அளவுள்ளவற்றைக்கூடத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். ஆனால் எடை 1,625 கிலோ. இதே வேலையைக் குறைந்த எடையில் செய்யப் போனால்தான் படம் கெடத் தொடங்குகிறது. 500 கிலோமீட்டரிலிருந்து அரை மீட்டரைப் பிரித்தறிய, தொலைநோக்கியின் குழியாடி ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். இது ஒளியின் இயல்பு, இதில் பேரம் கிடையாது. எடை குறைக்க ஆடியின் பின்புறத்தைக் குடைந்தெடுப்பார்கள். மெலிந்த ஆடி தரையில் தன் எடையாலேயே துளி வளையும், மேலே போனதும் அந்த வளைவு மாறிவிடும். தாங்கிப் பிடிக்கும் கார்பன் இழைச் சட்டமும், உறிஞ்சி வைத்த ஈரத்தை வெற்றிடத்தில் இழந்து சுருங்கும். சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போதும், ஃபோகஸ் போச்சு. ஹபிள் தொலைநோக்கியின் ஆடி விளிம்பில் சுமார் 2 மைக்ரான்தான் பிசகு. 1990இல் மேலே போனது, 1993இல் விண்வெளி வீரர்கள் நேரில் போய்ச் சரிசெய்யும்வரை படங்கள் மங்கலாகவே இருந்தன. சிறிய செயற்கைக்கோளுக்கு யார் போவார்கள்?

அப்புறம் அதிர்வு. ஓடும் பஸ்ஸிலிருந்து மொபைலில் ஒரு பெயர்ப்பலகையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அவளுக்கே புரியும். செயற்கைக்கோளின் பார்வை தரையில் நொடிக்கு சுமார் 7 கிலோமீட்டர் நகர்கிறது. கோணத்தில் ஒரு மைக்ரோரேடியன், அதாவது ஒரு டிகிரியில் சுமார் பதினேழாயிரத்தில் ஒரு பங்கு, ஆடினாலே தரையில் அரை மீட்டர் தள்ளிப்போகும்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். ஆடியும் ஒளியும் பிடித்தால் இயற்பியல். திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டியில் பொறியியல் இயற்பியல் இருக்கிறது, ஜேஇஇ அட்வான்ஸ்ட் எழுத வேண்டும். அது கைகூடாவிட்டால் பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஐஐடி டெல்லியில் அப்ளைடு ஆப்டிக்ஸ் (ஒளியியல்) எம்.டெக். போகலாம், சுற்றுவழிதான், ஆனால் நல்ல வழி. வளைவும் வெப்பமும் மெக்கானிக்கல். அதிர்வை அடக்குவது கன்ட்ரோல், ஏரோஸ்பேஸ். ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் இசிஇ. மங்கிய படத்தை மீட்பதில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இடம் உண்டு, ஆனால் பயந்துபோய் அதை எடுக்க வேண்டாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் உள்ள ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் நல்ல படிப்பு. ஆனால் அது வந்த படத்தைப் பயன்படுத்தும் துறை, கேமரா செய்யும் துறை அல்ல.

விளம்பரத்தில் 'ஸ்பேஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். ஆப்டிக்ஸ் லேப் இருக்கிறதா, மாணவர்கள் அதில் கைவைக்க முடிகிறதா என்று மகளையும் கூட்டிப்போய் நேரில் பாருங்கள். இந்தச் சிக்கல்களில் எதைப் பற்றி அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். எந்தத் துறை என்பதை அதை வைத்துப் பேசுவோம்.