வாட்டர் தீம் பார்க் காலத்திலும் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ரசிக்கிறவர்கள் இருக்கிறீர்களா? ஏன்?

இருக்கிறோம். கேள்விக்குக் கீழே "ஒரு குளம், நாலு ஊஞ்சல், ஒரு பொம்மை ரயில். இதில் ரசிக்க என்ன இருக்கிறது?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் யாரென்று தெரியாது. ஆனால் ஒரு யூகம். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ, பெண் எடுத்தது தஞ்சாவூர்ப் பக்கம். மே மாத லீவுக்கு வந்த இடத்தில் மாமனார், "புள்ளைங்கள சிவகங்கைப் பூங்காவுக்கு அழச்சிட்டுப் போயிட்டு வாங்க மாப்ள" என்றிருப்பார். நீங்களும் உச்சி வெயிலில் போய், பிள்ளைகளை இரண்டு சறுக்கு சறுக்க விட்டு, தொடை சுட்டது என்று அவை அழுததும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். இரும்புச் சறுக்குமரத்தில் பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏறவே ஏறாது.

நான் ஐயம்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். சம்பா அறுவடை ஆகி, கையில் நாலு காசு புழங்குகிற நேரத்தில் காணும் பொங்கல் வரும். அன்றைக்கு எங்கள் தெருவே தஞ்சாவூர் பஸ்ஸில்தான் இருக்கும். முதலில் பெரிய கோயில், அப்புறம் பூங்கா. கோயிலிலிருந்து நடந்தே வந்துவிடலாம். உள்ளே எள் போட்டால் எள் விழாது. வேப்பமரமோ புங்கமரமோ, எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே ஜமக்காளத்தை விரித்து இடம் பிடிப்பது அத்தையின் வேலை. புளிச்சோறு, தயிர்ச்சோறு, வறுத்த மோர்மிளகாய், ஒரு தூக்கு நிறைய தண்ணீர். சாப்பிட்ட கை காய்வதற்குள் நாங்கள் ரயிலுக்கு ஓடியிருப்போம்.

அந்த ரயிலைப் பற்றிக் கேவலமாக எழுதியிருக்கிறீர்கள். சரி, வேகம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஒருவர் விறுவிறுவென்று நடந்தால் ரயிலை முந்திவிடுவார். பெட்டியில் எதிரும் புதிருமாகப் பலகை. பெரியவர்கள் உட்கார்ந்தால் முட்டி மார்பில் இடிக்கும். கம்பியைப் பிடித்தால் பெயிண்ட் உரிந்து உள்ளங்கையில் நீலமாக ஒட்டும். ஆனால் அதில் என் அம்மா ஏறினாள், அத்தை ஏறினாள், சர்க்கரை வியாதிக்காரரான பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். எட்டு வயசுப் பையனும் எழுபது வயசுக் கிழவியும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து, ஒரே இடத்தில் "கூ" என்று கத்துகிற வாகனம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். குளத்துக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் ரோப் கார் ஒன்று இருந்தது. அது நகர ஆரம்பித்ததும் அத்தை "பெருவுடையாரே" என்று கண்ணை மூடுவாள். அக்கரை வந்ததும் "இவ்ளோதானா" என்பாள். அடுத்த வருஷமும் அவள்தான் வரிசையில் முதலில் நிற்பாள்.

இப்போது பெரிய பார்க் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். சில வருஷத்துக்கு முன்பு தங்கை குடும்பத்தோடு சேர்ந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு, வேன் பிடித்து அப்படி ஓர் இடத்துக்குப் போனோம். கேட்டிலேயே பிள்ளைகளைச் சுவரோடு நிற்கவைத்து உயரத்தை அளந்தார்கள். இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஒரு கட்டணம், மேலே இருந்தால் ஒரு கட்டணம். அம்மாவுக்கு முதியோர் சலுகை கொடுத்தார்கள். சலுகை போகவும் அந்தத் தொகையைக் கேட்டு அம்மா வாயடைத்துப் போனாள். அடுத்தது சோற்று மூட்டை. வெளி உணவு கூடாதாம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கிளறிய புளிச்சோறு வேனிலேயே சாயங்காலம் வரை வெந்தது.

உள்ளே போனால் அலைக்குளம். அம்மா ஆசையாகப் பாதத்தை நனைக்கப் போனாள். விசில் அடித்துவிட்டான் அங்கே காவலுக்கு நின்ற பையன். புடவையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, நைலான் உடை வாடகைக்குக் கிடைக்கும் என்றான். இதற்குக் காரணம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பருத்தி நூல் பிரிந்து போய் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும், முந்தானை சறுக்கலில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை எழுபதை நெருங்குகிற ஒருத்தியிடம் யார் சொல்வது? "இந்த வயசுல எனக்குக் கால்சட்டையா தம்பி? நீங்க போயி வெளையாடுங்க, நான் இப்பிடி ஒக்காந்துக்கறேன்" என்று ஒரு சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். மடியில் எல்லாருடைய செல்போனும், கண்ணாடியும், மாற்றுத் துணியும். லாக்கருக்குக் காசு கட்டியிருந்தோம், இருந்தும் பை என்னவோ அம்மா மடிக்குத்தான் வந்து சேர்ந்தது. நாள் முழுக்க அப்படியே. திரும்பும்போது வேனில் அவளிடம் எப்படி இருந்தது என்று தங்கை கேட்டாள். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பையிதான் ரொம்ப கனம்" என்றாள்.

என் விஷயமே இதுதான். புதுப் பார்க்குகள் ஏறுகிறவர்களுக்காகக் கட்டியவை. ஏறாதவர்களுக்கு அங்கே செருப்பும் பையும் காக்கிற வேலை மட்டும்தான் உண்டு, அதுவும் டிக்கெட் வாங்கிக்கொண்டு. சிவகங்கைப் பூங்காவில் ஒன்றிலும் ஏறாமல் நாள் முழுக்க இருந்துவிட்டு வரலாம். யாரும் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கமாட்டார்கள்.

கிஷ்கிந்தா தீம் பார்க் வந்த 1995-ல் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு பேச்சே கிடையாது. இந்தியாவின் முதல் 3டி படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் தாம்பரம் பக்கத்தில் ஒரு மாய உலகமே கட்டிவிட்டார் என்று பேசிக்கொண்டோம். சென்னையில் மாமா வீடு உள்ளவன் போய்வந்து கதை கதையாக அளப்பான். நாங்கள் வாய் பிளந்து கேட்போம். ஆகவே எனக்குத் தீம் பார்க் என்றாலே வெறுப்பு என்று யாரும் எழுத வேண்டாம். ஆசைப்பட்டவன்தான்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அங்கெல்லாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு கோட்டை கட்டுவார்கள், பக்கத்தில் நீலப் பெயிண்ட் அடித்து ஓர் அகழி விடுவார்கள். சிவகங்கைப் பூங்கா நிஜக் கோட்டைக்குள் இருக்கிறது, வெளியே நிஜ அகழி. ஊஞ்சலை உந்தி மேலே போனால் மரங்களுக்கு மேலே பெரிய கோயிலின் 216 அடி விமானம் தெரியும். ராஜராஜன் 1010-ல் முடித்தது. இந்த செட்டை எந்தக் கம்பெனி போட்டுத் தரும்?

பூங்காவும் நேற்று முளைத்ததல்ல. தஞ்சாவூருக்கு நகராட்சி வந்தது 1866-ல். அடுத்த சில வருஷத்திலேயே, 1871-72-ல், மக்கள் காற்று வாங்க இதை அமைத்தார்கள். குளம் அதற்கும் வெகு காலத்துக்கு முந்தியது. அப்பர் பாடிய தஞ்சைத் தளிக்குளம் இதுதான் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. நீங்கள் "ஒரு குளம்" என்று ஒற்றை வார்த்தையில் தாண்டிப் போன அந்தக் குளம், குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஊருக்கே குடிநீர் கொடுத்தது. தஞ்சையின் முதல் நாயக்க மன்னர் செவ்வப்பர் பெயரில் இருக்கும் செவ்வப்பன் ஏரியில் மழைத் தண்ணீர் சேரும். அங்கே வண்டல் அடியில் தங்கி, தெளிந்தது சிவகங்கைக் குளத்துக்கு வரும். இங்கிருந்து பூமிக்கு அடியில் பதித்த சுடுமண் குழாய்கள் வழியாக அய்யன்குளத்துக்கும் ஊருக்குள்ளும் போகும். மோட்டார் இல்லை, வால்வு இல்லை, நிலத்தின் வாட்டம் மட்டும்தான். மராட்டியர் காலத்தில் இதற்கு ஜலசூத்திரம் என்று பெயர். ரோப் காரில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு கடந்தது இந்தத் தண்ணீருக்கு மேலேதான்.

அதே வளாகத்தில் சுவார்ட்ஸ் சர்ச் இருக்கிறது. 1779-ல் கட்டியது. உள்ளே ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிற்பம். சாகக் கிடக்கிற பாதிரியார் சுவார்ட்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி நிற்கிறார். தனக்கு ஆசானாக இருந்தவருக்காக சரபோஜி இங்கிலாந்தில் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தது. பெரிய கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே காரைத் திருப்பிவிடுகிறார்கள். சரி, பேச்சு எங்கோ போகிறது.

போனது போகட்டும், ரயில் என்று ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா பிறந்தது பொறையார். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1926-ல் வந்தது, 1986-ல் நிறுத்தினார்கள். ஊர் உலகமெல்லாம் அறுபது வயசு நிறைந்தால் திருக்கடையூருக்கு வந்து மாலை மாற்றிக்கொள்கிறது. அந்தத் திருக்கடையூர் வழியாகவே ஓடிய ரயிலுக்கு அறுபது வயசில் கருமாதி செய்தார்கள். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது, வருகிறது என்கிறார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற வயசானவர்கள் எல்லாம் வேனில் இடுப்பு ஒடிந்து வந்து இறங்குகிறார்கள். இதைப் பற்றி இங்கே ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. எந்த நடிகருக்குச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் நூறு கேள்வி. அம்மா பொம்மை ரயிலில் ஏறினால் ஜன்னலோரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள், அதனால் இது ஞாபகம் வந்தது.

இனி வரப்போகிற பின்னூட்டங்களுக்கு இப்போதே பதில்.

"எல்லாம் சின்ன வயசு நினைப்பு, வேறொன்றுமில்லை" என்பீர்கள். என் மகன் இரண்டு வகைப் பார்க்கும் பார்த்தவன். தண்ணீர்ச் சறுக்கல் வேண்டுமென்றால் பெரிய பார்க் என்பான். பாட்டியோடு போவதென்றால் சிவகங்கை என்பான். அவனுக்கு எந்தப் பழைய நினைப்பும் கிடையாது, டைனோசர் பைத்தியம்.

"மிருகங்களைக் கூண்டில் போட்டிருந்தார்களே, அதையும் ரசித்தீர்களா?" சிறுவயதில் ரசித்தேன். மான் நாக்கு உள்ளங்கையில் பட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், அது இன்னும் மறக்கவில்லை. அதற்காகத் திரும்பக் கூண்டு கட்டச் சொல்லவில்லை.

"பராமரிப்பே இல்லையே" என்பீர்கள். பல காலம் இல்லைதான். துருப்பிடித்த ஊஞ்சல், உடைந்த பெஞ்ச், குளத்தில் மிதந்த பாட்டில் எல்லாம் நானும் பார்த்தவன். பிறகு ஸ்மார்ட் சிட்டி வேலை என்று வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பூங்கா ஒரு பூட்டிய கேட்டாக மட்டுமே தெரியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பழசை அப்படியே போற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடியுங்கள், கழிப்பறை கட்டுங்கள், விளக்கு போடுங்கள். ஆனால் குழந்தைகளுக்கென்று எதைப் புதிதாக வைத்தாலும் அதில் கிழவி ஏற முடியுமா என்று பார்த்து வையுங்கள்.

அப்புறம், டெல்டாவில் இது ஒன்றுதான் என்றும் இல்லை. கல்லணையில் பூங்கா உண்டு. திருச்சிப் பக்கம் முக்கொம்பில் உண்டு, ஆடிப்பெருக்கன்று போய்ப் பாருங்கள். இரண்டிலும் ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் களை. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்துவிட்டால் நாலைந்து நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வரும், அதற்கு மேல்தான் அங்கே போவதில் அர்த்தம்.

சிவகங்கைக்கு மறுபடி போகிற எண்ணம் இருந்தால் வெயில் தாழ, நாலரைக்கு மேல் போங்கள். பெரிய கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் கோயில், சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் பூங்கா என்று வைத்துக்கொள்வது வசதி. சில்லறை கையில் இருக்கட்டும். காணும் பொங்கலன்று மட்டும் கார் எடுத்துக்கொண்டு வராதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது.