ரேம் வாங்குவதற்கு முன் மூன்று மணிக்கு விஎம்ஸ்டாட் ஓட்டிப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக் குத்தகை அலுவலகம் ஒன்றில் கணக்கு பார்க்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "உபுண்டு போட்ட பழைய கணினிதான் எங்கள் சர்வர். நாலு கோர், 8 ஜிபி ரேம், பழைய வகை ஹார்ட் டிஸ்க். ஆலையிலிருந்து எடைச்சீட்டுகள் வந்து குவியும் மூன்று மணிக்கு மேல் ஒரு சீட்டைப் பதியவே ஒரு நிமிடம் ஆகிறது. டாப் ஓட்டினால் சிபியு பத்து விழுக்காடுகூட இல்லை, ஆனால் லோட் 9 என்கிறது. ஃப்ரீ மெமரி 200 எம்பிதான். கடையில் ரேம் கூட்டச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது, அது ரேம் பக்கம் கை காட்டவில்லை.

முதலில் அந்த 200 எம்பி. சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் அப்படியே விட்டுவைக்காது, படித்த கோப்புகளை அதில் கேஷாக வைத்துக்கொள்ளும், புரோகிராம்கள் கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். அதனால் ஃப்ரீ குறைவாக இருப்பது சாதாரணம். ஃப்ரீ கட்டளையை ஹைஃபன் எச் சேர்த்து அடித்தால் கடைசியில் அவைலபிள் என்று ஒரு பத்தி வரும், பார்க்க வேண்டியது அதைத்தான். அங்கே இரண்டு, மூன்று ஜிபி இருந்தால் ரேம் பேச்சை ஒதுக்கி வைக்கலாம்.

அடுத்தது லோட். சிபியு தூங்குகிறது, லோட் 9, இது எப்படி? லினக்ஸில் லோட் என்பது சிபியுவுக்காக வரிசையில் நிற்கும் வேலைகளை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்கிலிருந்து பதில் வரும்வரை அசைய முடியாமல் நிற்கும் வேலைகளையும் சேர்த்தே எண்ணுகிறது, 1993லிருந்து அப்படித்தான். ஆலை வாசலில் ஒன்பது லாரி நிற்கிறது என்றால் ஓட்டுநர்கள் சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை, எடைமேடை ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் எடைமேடை ஹார்ட் டிஸ்க் என்பது என் சந்தேகம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதை எடுக்கும்போது நொடிக்கு நூறு வேலை முடித்தாலே பெரிது.

சந்தேகத்தை வைத்துக் காசு செலவழிக்கக் கூடாது, அதனால் மூன்று மணிக்கு, மந்தமாக இருக்கும் அந்த நேரத்திலேயே, விஎம்ஸ்டாட் 5 என்று அடியுங்கள், வேலைகள் எதற்காகக் காத்து நிற்கின்றன என்று காட்டும் கட்டளை அது. ஐந்து நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது கணினியை ஏற்றியதிலிருந்து இன்றுவரையிலான சராசரி, பலர் அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். மற்ற வரிகளில் ஆர் என்ற பத்தி சிபியுவுக்குத் தயாராக இருக்கும் வேலைகள், பி என்பது டிஸ்க் போன்றவற்றுக்காக முடங்கி நிற்பவை. ஆர் தொடர்ந்து நாலுக்கு மேலே போனால் சிபியு போதவில்லை. ஆர் குறைவு, பி ஆறு ஏழு என்றால் டிஸ்க்தான். எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டும் ரேமுக்கும் ஸ்வாப்புக்கும் (ரேம் போதாதபோது பயன்படுத்த டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) இடையே நடக்கும் போக்குவரத்து. அவை வரிக்கு வரி பெரிய எண்ணாக ஓடினால் மட்டுமே கடைக்காரர் சொன்னது சரி, எப்போதோ ஒரு முறை வந்து போவதெல்லாம் கணக்கில் இல்லை. டபிள்யூஏ என்பது டிஸ்க்குக்காகக் காத்து சிபியு சும்மா இருந்த நேரம், விழுக்காட்டில். அந்தப் பத்தியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதை மட்டும் நம்பவும் நம்பாதீர்கள், நாலு கோர் இருக்கும்போது ஒரே ஒரு வேலை டிஸ்க்கில் முழுதாக மாட்டினால்கூட அது 25தான் காட்டும்.

பி ஏறியிருந்தால் இப்படி அளந்து பார்க்கும் கட்டளைகள் அடங்கிய சிஸ்ஸ்டாட் தொகுப்பை நிறுவி, ஐஓஸ்டாட்டை ஹைஃபன் எக்ஸ், பிறகு 5 சேர்த்து ஓட்டுங்கள். ஆர் அவெய்ட், டபிள்யூ அவெய்ட் என்பவை ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் எத்தனை மில்லி நொடி காத்திருக்கிறது என்று சொல்லும். பத்து, இருபது சரி. முந்நூறு, நானூறு என்றால் டிஸ்க் திணறுகிறது. யாரால் திணறுகிறது என்று தெரிய பிட்ஸ்டாட்டை ஹைஃபன் டி, 5 போட்டு சூடோவுடன், அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டினால் எந்த புரோகிராம் எவ்வளவு எழுதுகிறது என்று பெயரோடு வரும். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வரும் மந்தம் என்பதால், யாராவது எப்போதோ பேக்கப்பை மூன்று மணிக்கு ஓடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) போட்டுவிட்டு மறந்திருக்கலாம், அதை முதலில் பாருங்கள். அப்படியென்றால் அதை இரவுக்கு மாற்றினாலே போதும், ஒரு ரிங்கிட் செலவில்லை.

பேக்கப்பும் இல்லை, எழுதுவதும் அதிகமில்லை, ஆனாலும் அவெய்ட் எகிறுகிறது என்றால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கலாம். மாலையில் இடி மின்னலும் அதோடு மின்வெட்டும் பழகிப்போன ஊரில் இதை லேசாக எடுக்காதீர்கள். லினக்ஸின் உள்செய்திகளைக் காட்டும் டிமெஸேஜ் கட்டளையில் ஐஓ எரர் என்று வரிகள் இருக்கிறதா, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்கன்ட்ரோலில் கரன்ட் பெண்டிங் செக்டர், அதாவது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள், பூஜ்யத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறெதையும் செய்வதற்கு முன், அன்றைக்கே, கணக்குகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். நாலு பேரின் சம்பளக் கணக்கு அதில் இருக்கிறது.

அப்புறம், தினமும் மூன்று மணிக்கு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதே சிஸ்ஸ்டாட் தொகுப்பில் எஸ்ஏஆர் என்ற மூன்றெழுத்துக் கட்டளை உண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லா எண்களையும் குறித்துவைக்கும். ஈடிசி டிஃபால்ட் அடைவில் சிஸ்ஸ்டாட் என்ற கோப்பைத் திறந்து, எனேபிள்டு என்பதில் ஃபால்ஸ் இருந்தால் ட்ரூ ஆக்கிவிட்டு, சிஸ்டம்கன்ட்ரோல் கொண்டு சேவையை மறுபடி தொடங்குங்கள். பிறகு ஹைஃபன் க்யூ போட்டால் லோட், டபிள்யூ பெரிய எழுத்தில் போட்டால் ஸ்வாப், டி போட்டால் டிஸ்க் என்று அன்றைய நாள் முழுவதையும் காட்டும். டெபியன், உபுண்டுவில் வழக்கமாக ஒரு வாரத்துப் பதிவுதான் நிற்கும், மாதக் கடைசியையும் ஒப்பிட வேண்டுமானால் ஹிஸ்டரி எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் போகட்டும். எஸ்ஐ, எஸ்ஓ ஓடினால் ரேம் வாங்குங்கள். அவை அமைதியாக இருந்து அவெய்ட் மட்டும் ஏறினால், அதே காசை ஒரு எஸ்எஸ்டிக்கு, அதாவது சுற்றாத புது வகை டிஸ்க்குக்கு, போடுங்கள்.