ஆல்புமின்: இரு ஆய்வகங்களில் இரு அளவுகள் ஏன்?

கேள்வி: சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் தந்தைக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஆய்வகங்களில் ரத்தப் பரிசோதனை செய்தோம். சீரம் ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) ஓரிடத்தில் 3.7 என்றும், மற்றோரிடத்தில் 3.2 என்றும் வந்தது. எதை நம்புவது?

பதில்: இரண்டு ஆய்வகங்களும் சரியாகவே வேலை செய்திருந்தாலும் இந்த வேறுபாடு வரக்கூடும். உறைந்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தெடுக்கும் சீரத்தில் சில மைக்ரோலிட்டரை ஒரு சாயத்துடன் கலந்து, நிறம் எவ்வளவு மாறுகிறது என்று ஒளியைச் செலுத்தி அளப்பதே வழக்கமான முறை. அந்தச் சாயம் எது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

பல இடங்களில் புரோமோகிரசால் கிரீன் பயன்படுகிறது. ஏறத்தாழ பி.எச். 4.2 அளவுள்ள அமிலக் கரைசலில் ஆல்புமின் நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுள்ள இந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ள, மஞ்சளாக இருந்த கரைசல் நீலப்பச்சையாக மாறுகிறது. அதை 630 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அளக்கிறார்கள். ஆல்புமின் உடனே வினைபுரிந்துவிடும். ஆனால் ரத்தத்தில் உள்ள வேறு புரதங்களான குளோபுலின்களும் மெதுவாகச் சாயத்துடன் சேரத் தொடங்குவதால், முதல் அரை நிமிடத்துக்குள் அளவெடுக்காவிட்டால் விடை உண்மையைவிடக் கூடுதலாக வரும். உடலில் அழற்சி இருப்பவர்களிடம் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும்.

புரோமோகிரசால் பர்ப்பிள் என்ற மற்றொரு சாயம் குளோபுலின்களை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதால் பொதுவாக அதுவே துல்லியமானது. ஆயினும் சிறுநீரகச் செயலிழப்பில் தேங்கும் யூரியாவிலிருந்து உண்டாகும் சயனேட் ஆல்புமின் மூலக்கூறையே மாற்றிவிடுவதாலும், ரத்தத்தில் தங்கிவிட்ட வேறு கழிவுகள் சாயம் சேரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்வதாலும், டயாலிசிஸ் நோயாளிகளிடம் அது சற்றுக் குறைத்துக் காட்டலாம். ஆல்புமினை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதமான எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் முறையில் இவ்விரு சிக்கல்களும் குறைவு, செலவுதான் கூடுதல்.

ஆகவே, சாயத்தின் பெயரை இரு ஆய்வகங்களிலும் கேட்டு, இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இனி ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில், டயாலிசிஸுக்கு முன்பே ரத்தம் கொடுங்கள். டயாலிசிஸில் நீர் வெளியேறியபின் எடுத்தால் அளவு கூடித் தெரியும். கையில் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டியிருந்தாலும், படுத்திருக்காமல் நின்றுகொண்டிருந்த பிறகு ரத்தம் எடுத்தாலும் அப்படியே. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இயல்பு என்பார்கள். அந்த எல்லையும் முறைக்கு முறை சிறிது மாறும் என்பதால், அறிக்கையில் அச்சிட்டிருக்கும் எல்லையையே பாருங்கள்.

கேள்வி: இப்பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் செல்ல வேண்டுமா?

பதில்: ஆல்புமினுக்கு மட்டும் என்றால் தேவையில்லை. கொழுப்பு மிகுந்து சீரம் பால்போல் கலங்கியிருந்தால் மட்டும் ஒளி சிதறி அளவு பிழையாகலாம்; அப்போது சாயம் சேர்க்காத சீரத்தைத் தனியே அளந்து அந்த அளவைக் கழிப்பார்கள்.