உப்பிய பேட்டரி, ஒட்டிய மூடி: தருமபுரி தம்பிக்குப் பதில்

கல்லூரி புராஜெக்டுக்குச் செய்த நாடித்துடிப்புப் பட்டையைச் சூப்பர் க்ளூ போட்டு மூடிவிட்டீர்கள், இப்போது உள்ளே லித்தியம் பேட்டரி உப்பி நிற்கிறது, எப்படித் திறப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

திறக்காதீர்கள். சார்ஜும் போடாதீர்கள். கத்தியால் நெம்பி பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். பசையை இளக்கச் சூடான காற்று ஊதும் ஹீட் கன் அதைவிட மோசம். தகர டப்பாவில் உலர்ந்த மணல் கொட்டி, பட்டையை அப்படியே அதில் புதைத்து, வெயில் படாத திறந்த இடத்தில் வையுங்கள். அப்புறம் மின்கழிவு சேகரிப்பவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போனது போனதுதான்.

சரி, அடுத்ததைக் கழற்றும்படி செய்யலாம். நம் பக்கத்து ஓசூர் வாட்ச் தயாரிப்புக்குப் பேர்போன ஊர். பழைய வாட்ச் ஒன்றின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். குட்டித் திருகுகள், நடுவே ஒரு ரப்பர் வளையம். தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம், பசை இல்லை. உங்கள் 3டி பிரிண்ட் பெட்டிக்கும் எம்2 (2 மி.மீ.) திருகு போதும். ஆனால் பிளாஸ்டிக்கில் நேராகத் திருகினால் நாலைந்து முறையில் மரை போய்விடும். பித்தளை இன்சர்ட்டை, அதாவது உள்ளே மரை வெட்டிய குட்டிக் குழலை, சால்டரிங் அயனால் சூடாக்கிப் பதியுங்கள். பேட்டரியைச் சால்டர் செய்யாமல் கனெக்டரில் மாட்டுங்கள். அது கொஞ்சம் உப்பவும் இடம் விடுங்கள். நாடியை ஒளியால் அளக்கும் சென்சாரின் சன்னலை மட்டும் ஒட்டலாம், தோலோடு ஒட்டி வியர்வையிலேயே ஊறும் இடம் அது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரிச் சட்டத்தைச் சொல்லுங்கள். 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்ற முடிய வேண்டும்.

கையில் கட்டும் வாரை மாட்ட, வாட்ச் கடையில் கிடைக்கும் ‘ஸ்பிரிங் பின்’ என்ற குட்டிக் கம்பியே போதும்.